அடிபட்ட ஜவானின் வீட்டார் முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

அக்கா மகன் அடிபட்ட செய்தி இந்தியில்தான் வந்தது. யூனிட்டிலிருந்து பேசியவர் நிதானமாக நாலைந்து வாக்கியம் சொல்லியிருக்கிறார். அதில் 'டீக் ஹை' மட்டும்தான் அக்காவுக்குப் புரிந்தது, சரி பையன் நன்றாக இருக்கிறான் போல என்று போனை வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். மறுநாள் காலையில் நான் திருப்பிக் கூப்பிட்டபோதுதான் வண்டி பள்ளத்தில் உருண்டதும், இடுப்பெலும்பும் வலது முழங்காலும் நொறுங்கியதும், ஹெலிகாப்டரில் ஏற்றி வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் தெரிந்தது.

நான் 17 வருடம் ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன். இந்தக் காகிதங்களை எழுதி சீல் குத்துகிற பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். அப்படியிருந்தும் அவன் கேஸ் ஒரு வழிக்கு வர நாலு வருடம் ஆனது. எங்கள் நிலையே இப்படியென்றால் 'ரெக்கார்ட் ஆபீஸ்' என்ற வார்த்தையையே முதல்முறை கேட்கிற குடும்பம் என்ன செய்யும்? அவர்களுக்காகத்தான் இது.

ராணுவ ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றும் கைகள் மேல் எனக்குக் குறை கிடையாது. ஸ்ரீநகர் 92 பேஸ் ஹாஸ்பிடலிலும் உதம்பூர் கமாண்ட் ஹாஸ்பிடலிலும் பிழைக்கவே மாட்டான் என்று நினைத்தவர்களைப் பிழைக்க வைத்து அனுப்பியிருக்கிறார்கள். சிக்கல் ஆரம்பிப்பது தையல் பிரித்த பிறகு. யூனிட், ஆஸ்பத்திரி, சிப்பாயின் சர்வீஸ் காகிதங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ், பிரயாக்ராஜ் பென்ஷன் அலுவலகம் என்று நாலு மேஜை. ஃபைல் பக்கத்து மேஜையில்தான் இருக்கிறது என்று ஒவ்வொரு மேஜையும் மனதார நம்பும். யாரும் கெட்டவர்கள் இல்லை, ஆனால் பையன் யாருடைய பொறுப்பிலும் இருக்க மாட்டான். முதல் பத்து நாளில் எழுதப்படுகிற இரண்டு மூன்று காகிதம்தான் அடுத்த நாற்பது வருடத்துப் பென்ஷனைத் தீர்மானிக்கிறது. அந்தப் பத்து நாளும் வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருப்பார்கள், கொடுமை அதுதான்.

இது தரைப்படையை மனதில் வைத்து எழுதியது. கடற்படை, விமானப்படைக்கும் பெரும்பாலும் பொருந்தும். சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் பிள்ளைகளுக்கு விதிகளே வேறு, அவர்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறார்கள், இதை வைத்து அங்கே போய் வாதாடாதீர்கள்.

முதல் போன் வந்ததும்

இந்தி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யூனிட்டுக்குத் திருப்பிக் கூப்பிடுங்கள். யூனிட்டில் தமிழ்ப் பையன் யாராவது இருப்பான், அவனைப் பேசச் சொல்லிக் கேட்டாலும் கொடுப்பார்கள். கேட்க வேண்டியவை இவ்வளவுதான்: எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, டிஐஎல்லா எஸ்ஐஎல்லா, கூட அட்டெண்டண்ட் அனுப்பியிருக்கிறார்களா, அட்ஜுடன்ட் (யூனிட்டின் நிர்வாக ஆபீசர்) நம்பர், ஹெட் கிளார்க் நம்பர். டிஐஎல் என்றால் உயிருக்கு ஆபத்தான நிலைப் பட்டியல், எஸ்ஐஎல் அதற்கு ஒரு படி கீழே. டிஐஎல்லில் போட்டிருந்தால் நெருங்கிய உறவினர் போய்ப் பார்க்க ரயில் வாரண்ட் (அரசுச் செலவில் பயணம் செய்வதற்கான சீட்டு) கிடைக்கும் வழி உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி, இதை மறக்கவே கூடாது: "பேட்டில் கேஷுவல்டி என்று ரிப்போர்ட் போனதா, பிசிக்கல் கேஷுவல்டி என்று போனதா?" எதிரியின் குண்டு, கண்ணிவெடி, தீவிரவாதிகளோடு மோதல், எல்லைக் கோட்டில் நடக்கும் சம்பவங்கள் முதல் வகை. மற்ற விபத்தும் நோயும் இரண்டாவது. பதிலைக் கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள்.

ஒரு குயர் நோட்டு வாங்குங்கள்

அக்கா எட்டாவது வரை படித்தவள். "என்ன எழுதணும் மாமா, அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்று அவன் படுக்கையிலிருந்து போனில் கேட்க, தினமும் நடப்பதை எழுது, அது போதும் என்றேன். அவள் எழுதினாள். 'செவ்வாய். ஒல்லியான டாக்டர் வந்தார். காலை அசைக்கச் சொன்னார். அசையவில்லை. மூணு மணிக்கு யூனிட் ஆள் கவர் கொண்டுவந்தான், சிஸ்டர் கையெழுத்து போட்டு வாங்கினார், கவரில் 114 என்று சிவப்பு மையில் இருந்தது.' இப்படி ஐந்தரை மாதம்.

அந்த 114தான் பிறகு எங்களைக் காப்பாற்றியது. அதைச் சொல்லும் இடத்தில் சொல்கிறேன்.

நோட்டில் தமிழிலேயே எழுதலாம். யார் வந்தார், என்ன சொன்னார், எந்த ஸ்கேன் எடுத்தார்கள், எந்தக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள், அதில் என்ன இருந்தது. ஒவ்வொரு ஆஸ்பத்திரி மாறும்போதும் டிஸ்சார்ஜ் சம்மரியை, எக்ஸ்ரே ரிப்போர்ட்டை, ஆபரேஷன் குறிப்பைப் போனில் படம் எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனுக்காவது அனுப்பிவிடுங்கள். அசல் காகிதங்கள் ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருக்கும் என்று நம்பாதீர்கள், இத்தனை வருடம் ஆனால் பழைய ஆவணத்தை அழித்துவிடலாம் என்று அவர்களுக்கு விதியே இருக்கிறது.

இஞ்சுரி ரிப்போர்ட்

எதிரியால் பட்ட காயம் அல்லாத எதற்கும் ஐஏஎஃப்ஒய்-2006 என்ற படிவம் நிரப்ப வேண்டும். எங்கே, எப்போது, எப்படி அடிபட்டது, அப்போது டியூட்டியில் இருந்தானா, அவன்மேல் தவறு உண்டா என்பதெல்லாம் அதில் வரும், மெடிக்கல் ஆபீசர் ஒரு பகுதி எழுதுவார், கமாண்டிங் ஆபீசர் கையெழுத்திடுவார். காயம் கடுமையாக இருந்தாலோ சந்தேகம் இருந்தாலோ கோர்ட் ஆஃப் என்கொயரி என்ற ராணுவ விசாரணை நடக்கும். அதன் முடிவில் 'ராணுவ சேவையால் ஏற்பட்டது' என்ற பொருளில் ஒரு வரி வர வேண்டும். பிறகு பார்ட் டூ ஆர்டர், அதாவது சம்பவத்தை அவனுடைய சர்வீஸ் பதிவில் ஏற்றும் உத்தரவு, வெளியாக வேண்டும். பார்ட் டூ ஆர்டரில் ஏறாத சம்பவம் ராணுவத்தைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

படிவத்தில் வார்த்தை முக்கியம். "நடந்து போகும்போது வழுக்கி விழுந்தான்" என்பதும் "இரவு ரோந்தில் லோடு சுமந்து இறங்கும்போது வழுக்கி விழுந்தான்" என்பதும் ஒரே சம்பவம்தான், ஆனால் பத்து வருடம் கழித்து அதைப் படிக்கிற ஆளுக்கு இரண்டும் வேறு வேறு. அவசரத்தில் கிளார்க் முதல் மாதிரிதான் எழுதுவான். நானே எழுதியிருக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது, மாலைத் தபால் போவதற்குள் முடிக்க வேண்டும் என்ற ஒரே நினைப்புதான் அப்போது. அதனால் பையனுக்கு நினைவு திரும்பியதும், அன்று என்ன டியூட்டி, யார் அனுப்பினார், கூட யார் இருந்தார் என்று அவனிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டின் நகல் கேளுங்கள். வார்த்தை தப்பாக இருந்தால் அப்போதே யூனிட்டுக்கு எழுத்தில் சொல்லுங்கள். கூட இருந்தவர்கள் அதே யூனிட்டில் இருக்கும்போதுதான் இது நடக்கும், ஆளுக்கொரு பக்கம் போஸ்டிங் போன பிறகு யாரைத் தேடுவீர்கள்?

லீவில் வரும் வழியில் அடிபட்டாலும் கதை முடிந்துவிடவில்லை. அரசுச் செலவில் பயணம் செய்யும் உரிமையோடு டியூட்டி இடத்துக்கும் வீட்டுக்கும் இடையே போய்வரும் நேரத்தை டியூட்டியாகவே கணக்கில் எடுக்க விதியில் இடம் உண்டு, யூனிட் ஏற்பாடு செய்த விளையாட்டு, பிடி (உடற்பயிற்சி) ஆகியவையும் அப்படித்தான். ஆகவே ரயில் டிக்கெட், வாரண்ட், லீவு சர்டிபிகேட் எதையும் தூக்கிப் போடாதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு சொந்த வேலையாக டூவீலரில் போய் விழுந்தது என்றால் கஷ்டம், பொய் நம்பிக்கை கொடுக்க விரும்பவில்லை.

வார்டில் யாரை எப்படி அணுகுவது

வெள்ளை உடுப்பில் இருக்கும் சிஸ்டரை 'நர்ஸ்' என்று கூப்பிடாதீர்கள், அவர்கள் மிலிட்டரி நர்சிங் சர்வீஸ் ஆபீசர்கள், லெப்டினன்ட், கேப்டன், மேஜர் என்று ரேங்க் இருக்கும், 'மேடம்' என்றால் போதும். எந்த ஆஸ்பத்திரியிலும் மலையாளம் பேசும் ஒருவராவது இருப்பார், அங்கே உங்கள் தமிழ் எடுபடும், அந்த ஒருவரை முதல் நாளே கண்டுபிடித்துவிடுங்கள். அட்மிஷன், டிஸ்சார்ஜ் விவரம் ஏ அண்ட் டி ஆபீசில். போர்டு, அதாவது ஊனத்தை மதிப்பிடும் மெடிக்கல் போர்டு, அதன் பேப்பர் நகரவில்லை என்றால் அதற்கென்று தனி கிளார்க் இருப்பார், அவருக்கும் மேலே ரெஜிஸ்ட்ரார். வாயால் நூறு தடவை கேட்பதைவிட ஒரு பக்கத்தில் எழுதி, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குவது மேல்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். ஆபரேஷன் முடிந்து இரண்டரை மாதத்தில் அவனை வார்டிலிருந்து எடுத்து, போர்டுக்காகக் காத்திருப்பவர்கள் தங்கும் பழைய பாரக்குக்கு மாற்றினார்கள். கழிப்பறை இரண்டு படி இறங்கிப் போக வேண்டிய இடத்தில். போர்டு கிளார்க் ஆபீஸ் வேறொரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான் ஃபைலோடு மேலே போனேன். "பேஷன்ட் நேரில் வர வேண்டும்" என்றார் கிளார்க். கீழே சக்கர நாற்காலியில் இருக்கிறான் என்றேன். "வரட்டும்" என்றார், தலையைத் தூக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் வேப்பமர நிழலில் அவன் மடியில் எக்ஸ்ரே கவரை வைத்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருக்கிறான். கிளார்க்கின் மேல் எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மேலேயே வந்தது, அதே வார்த்தையை அதே தொனியில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று. கடைசியில் அடுத்த யூனிட்டு அட்டெண்டண்ட் பையன்கள் நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். கிளார்க் அவன் முகத்தைப் பார்த்தார், ஐடி கார்டைப் பார்த்தார், "இஞ்சுரி ரிப்போர்ட் ஃபைலில் இல்லை, யூனிட்டிலிருந்து வரவழையுங்கள்" என்றார்.

யூனிட்டில் கேட்டால் எப்போதோ அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். ஆறு வாரம் இப்படியே போனது. பிறகுதான் அக்காவின் நோட்டில் செவ்வாய்க்கிழமை, மூணு மணி, சிவப்பு மை 114. அந்த நம்பரையும் தேதியையும் எழுதி ரெஜிஸ்ட்ராருக்கு ஒரு மனு கொடுத்தோம். மூன்றாம் நாள் கவர் கிடைத்தது, பழைய வார்டின் அலமாரியில், பிரிக்கப்படாமல்.

நம் நாட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2007 பிப்ரவரியில் அமெரிக்காவின் பெயர்பெற்ற வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரியைப் பற்றி வாஷிங்டன் போஸ்ட் எழுதியது: ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் கை கால் போய் வந்த சிப்பாய்கள் தங்கிய 18-ஆம் எண் கட்டடத்தில் சுவரில் பூஞ்சை, எலி, கரப்பான். உள்ளே வந்து வெளியே போவதற்குள் ஒருவர் 22 படிவங்களை எட்டு அலுவலகங்களுக்குத் தர வேண்டியிருந்தது. அங்கே ராணுவச் செயலாளர் பதவி விலகினார், ஆஸ்பத்திரித் தலைவரான ஜெனரலை நீக்கினார்கள். படித்தபோது எனக்கு அந்த எலியைவிட 22 படிவம்தான் பழக்கமான ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது.

கால் போனவர்களுக்கு, முதுகுத்தண்டு போனவர்களுக்கு

புனேயில் ராணுவத்தின் செயற்கைக் கால் மையம் இருக்கிறது, 1944-லிருந்து. அங்கே அனுப்பச் சொல்லி டாக்டரிடம் நீங்களே கேட்கலாம். முதலில் போடும் கால் நிரந்தரம் அல்ல, வெட்டிய இடம் மெல்ல மெல்லச் சுருங்கும், சாக்கெட் தளர்ந்து உராயும், மாற்ற வேண்டும், வாழ்நாள் முழுக்க மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஓய்வுக்குப் பிறகும் இந்த வசதி உண்டு. இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்களுக்குப் புனே கிர்கியிலும் மொகாலியிலும் தங்கி வாழும் மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, வீட்டு வாசலில் மூன்று படி என்றால் இதை யோசிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விளையாட்டில் ஆர்வம் இருந்தால் கிர்கியிலேயே ராணுவப் பாராலிம்பிக் பயிற்சி மையம் உண்டு. 2002-ல் கண்ணிவெடியில் காலை இழந்த நாகாலாந்து வீரர் ஹொகாட்டோ சேமா 2024 பாரிஸில் குண்டு எறிதலில் வெண்கலம் வாங்கியது அங்கிருந்து போய்த்தான்.

கேட்டகரி, பிறகு போர்டு

ராணுவத்தில் உடல்தகுதியை ஷேப் என்று ஐந்து எழுத்தில் அளப்பார்கள்: மனநிலை, செவி, கை கால், பொது உடல்நலம், பார்வை. எல்லாம் 1 என்றால் முழுத் தகுதி. அடிபட்டதும் 'டவுன் கேட்டகரி' ஆகும், முதலில் 24 வாரம் என்று தற்காலிகமாக, பிறகு நிரந்தரமாக. நிரந்தரக் குறைந்த கேட்டகரியில் இருப்பவர்களை உட்கார்ந்து செய்யும் வேலையில் வைத்துக்கொள்ளலாம். இங்கே ஒரு காகிதம் நீட்டுவார்கள், அந்த மாதிரி வேலையில் தொடர விருப்பமில்லை என்று. வலியிலும் வெறுப்பிலும் வீட்டுக்குப் போனால் போதும் என்று பையன்கள் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ராத்திரி ஒரு தூக்கம் தூங்கி, வீட்டில் பேசி, அப்புறம் போடச் சொல்லுங்கள். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு அவன் 'அனுப்பப்பட்டவனா, தானே போனவனா' என்ற கேள்வி வருடக்கணக்கில் துரத்தும்.

சேவைக்கே தகுதியில்லை என்று அனுப்பினால் அது இன்வேலிடிங் மெடிக்கல் போர்டு. காலம் முடிந்து கேட்டகரியோடு ஓய்வு பெற்றால் ரிலீஸ் மெடிக்கல் போர்டு. இரண்டுக்கும் ஏஎஃப்எம்எஸ்எஃப்-16 என்ற படிவம்தான். அதில் பையனே சொல்லும் பகுதி ஒன்று உண்டு. 'சேவையில் சேருவதற்கு முன் இந்தக் குறை இருந்ததா' என்று ஒரு கேள்வி இருக்கும். இல்லை என்பதுதான் உண்மை என்றால் 'இல்லை' என்று அவனே தெளிவாக எழுத வேண்டும், கிளார்க் பென்சிலில் குறித்துக் கொடுத்ததை மேலே எழுதக் கூடாது. எங்கே, எந்த டியூட்டியில், எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்பதும் அங்கேயே வர வேண்டும், இஞ்சுரி ரிப்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். எல்லாக் காயத்தையும் சொல்லுங்கள். முழங்காலை மட்டும் எழுதிவிட்டு, காது கேட்காததையும் இரவில் தூக்கம் வராமல் உதறி எழுவதையும் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். தூக்கத்தைப் பற்றிச் சொன்னால் பைத்தியம் என்று முத்திரை குத்துவார்கள் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான், ஆனால் சொல்லாதது பின்னால் சேராது.

போர்டு எழுதுவதில் பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, காரணம்: சேவையால் ஏற்பட்டதா, சேவையால் அதிகமானதா, இரண்டும் இல்லையா. இரண்டும் இல்லை என்பதை அவர்கள் சுருக்கமாக 'நானா' என்பார்கள். எங்கள் பையன் அதை முதலில் கேட்டபோது, "நானா மாமா? நானா போய் விழுந்தேன்?" என்றான். வேடிக்கையாகத்தான் சொன்னான். இரண்டாவது, சதவீதம். மூன்றாவது, எத்தனை காலத்துக்கு, 'ஆயுள் முழுக்க' என்று இருக்கிறதா. சதவீதம் 20-க்குக் கீழே போனால் பென்ஷனில் ஊனத்துக்காகத் தரும் பகுதி கிடைப்பது சிக்கலாகிவிடும். 15-19 என்று எழுதப்பட்ட போர்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அந்த எண்கள்மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். சேவையிலிருந்தே அனுப்பும் அளவுக்கு ஒரு குறை இருந்தால் அது 20-க்கு மேல் என்றுதான் கொள்ள வேண்டும் என்று 2014-ல் சுக்விந்தர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பணம் எப்படிக் கணக்காகிறது

ஊனப் பென்ஷன் என்பது சர்வீஸ் பகுதி, ஊனப் பகுதி இரண்டும் சேர்ந்தது. 100 சதவீத ஊனத்துக்கு ஊனப் பகுதி கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், குறைந்தால் அதே விகிதத்தில் குறையும். ஆனால் 50-க்குக் கீழே இருப்பது 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடுவார்கள். இந்த உயர்த்தல் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டுமா, காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டா என்று அரசு நூற்றுக்கணக்கான மேல்முறையீடுகள் போட்டு இழுத்தது, 2014 டிசம்பர் 10-ல் ராம் அவதார் வழக்கில் எல்லோருக்கும் உண்டு என்று தீர்ப்பானது. கடைசிச் சம்பளம் 40,000, போர்டு போட்டது 40 சதவீதம் என்று வையுங்கள். 40 என்பது 50 ஆகும். 40,000-ல் 30 சதவீதம் 12,000, அதில் பாதி 6,000, அதோடு அகவிலைப்படி.

போர்க்காயம் என்று வகைப்படுத்தினால் இந்த 30 என்பது ஓய்வு பெறுபவர்களுக்கு 60 ஆகிறது, காயத்தால் அனுப்பப்பட்டவர்களுக்கு 100 சதவீத ஊனத்தில் முழுச் சம்பள அளவே கிடைக்கும். முதல் போனிலேயே 'பேட்டிலா பிசிக்கலா' என்று கேட்கச் சொன்னது இதனால்தான். ஏ முதல் ஈ வரை ஐந்து வகை உண்டு, 2001 ஜனவரி 31 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் கடிதத்தில் இருப்பது. ஏ என்றால் சேவைக்குச் சம்பந்தமில்லாதது, பி சேவைச் சூழலால் வந்த நோய், சி டியூட்டி விபத்து, ஈ போரும் அதற்கு இணையானவையும். ஆபரேஷன் பகுதியில் நடந்த விபத்து சியா ஈயா என்பதில் எத்தனையோ வழக்குகள்.

2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்துவிட்டன. அதற்குப் பின் வெளியே வருகிறவர்களுக்கு அவைதான், காயத்தோடு சேவையில் தொடர்ந்து ஓய்வு பெறுகிறவர்களுக்கு 'இம்பேர்மென்ட் ரிலீஃப்' என்று பெயரே மாறிவிட்டது. டீக்கடையில் பழைய ஹவில்தார் சொல்லும் கணக்கு, என் கணக்கையும் சேர்த்துத்தான், உங்கள் தேதிக்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்னிவீராக, அதாவது நாலு வருட ஒப்பந்தத்தில் போன பிள்ளைக்கு இந்தப் பென்ஷன் எதுவும் கிடையாது. சேவையால் ஏற்பட்ட ஊனம் என்றால் 100, 75, 50 சதவீதத்துக்கு முறையே 44, 25, 15 லட்சம் ஒருமுறைத் தொகை. அங்கே சதவீதமும் காரணமும் இன்னும் உயிரான விஷயம், திருத்திக்கொள்ள மாதாமாதம் வரும் பென்ஷன் என்று ஒன்று இல்லையே.

வெளியே வரும் நாள்

டிஸ்சார்ஜ் புக், போர்டு நடவடிக்கையின் நகல், குரூப் இன்சூரன்ஸ் ஊனத்தொகைக்கான மனு, குடும்ப விவரங்கள் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் ரெக்கார்ட் ஆபீஸ் வெலிங்டனில், மற்ற ரெஜிமென்ட்டுக்கு வேறு இடம், முகவரியையும் ஆர்மி நம்பரையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பென்ஷன் இப்போது ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் பென்ஷன் முறை வழியாக வருகிறது. பிபிஓ (பென்ஷன் வழங்கும் உத்தரவு) வந்ததும் பெயர், ரேங்க், குரூப், சதவீதம், ஊனப் பகுதி தனியாக இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். முழு ஊனம் என்றால் கூடவே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு அலவன்ஸ் உண்டு, போர்டு அதைப் பரிந்துரைத்திருக்க வேண்டும். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈசிஎச்எஸ் கார்டு எடுத்துக்கொள்ளுங்கள், அவசரத்தில் பட்டியலில் இல்லாத தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவித்துவிட வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்வதை ஊருக்கு வந்த முதல் வாரமே முடித்துவிடுங்கள்.

மறுத்துவிட்டால்

'நானா' என்று எழுதிக் கடிதம் வந்தால் அதோடு எல்லாம் முடிந்தது என்று பீரோவில் வைத்துப் பூட்டுபவர்கள்தான் நம் ஊரில் அதிகம். அந்தக் கடிதம் ஒரு ஆரம்பம். ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக. அதுவும் மறுக்கப்பட்டால் இரண்டாவது. வக்கீல் வேண்டாம், தேதி வாரியாக நடந்ததை எழுதி, காகித நகல்களை இணைத்து, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை ஒட்டி வையுங்கள். காகிதம் கையில் இல்லையென்றால் முதலில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள், போர்டு நடவடிக்கையும் இஞ்சுரி ரிப்போர்ட்டும் அவனுடைய சொந்த ஆவணங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும்.

மனுவில் ஒரு வழக்கைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்: 2013-ல் தரம்வீர் சிங். ஒன்பது வருடம் சேவை செய்த சிப்பாயை வலிப்பு நோய் என்று அனுப்பிவிட்டு, அது உடல்வாகு, சேவைக்குச் சம்பந்தமில்லை என்று பென்ஷனை மறுத்தார்கள். சேரும்போது சோதித்து நல்ல உடல்நலம் என்று எடுத்தவனுக்குப் பின்னால் நோய் வந்தால் அது சேவையால் வந்தது என்றே முதலில் கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் வேலை, காரணத்தைப் போர்டு எழுதியாக வேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. வெறுமனே 'நானா' என்று ஒரு வரியில் முடித்த போர்டுகள் இந்தத் தீர்ப்பின் முன் நிற்பதில்லை. அப்படியும் மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடு போடும் பழக்கம் போகவில்லை, 2015-ல் பாதுகாப்பு அமைச்சர் அமைத்த நிபுணர் குழுவே ஊனப் பென்ஷன் வழக்குகளில் இது தேவையில்லாத வேலை என்று கண்டித்தது.

இரண்டு மேல்முறையீடும் தோற்றால், அல்லது ஆறு மாதமாகப் பதிலே இல்லை என்றால், ஆயுதப்படைத் தீர்ப்பாயம். சென்னையிலேயே அமர்வு இருக்கிறது, டெல்லி ஓட வேண்டாம். பல வருடம் கழித்துப் போனாலும் பென்ஷன் வழக்கைக் கேட்பார்கள், ஆனால் பழைய பாக்கி பொதுவாக மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும். தள்ளிப் போட்ட ஒவ்வொரு வருடமும் உங்கள் பணம்.

எங்கள் பையனுக்கு முதலில் 'நானா', சதவீதம் 30. இரண்டாவது மேல்முறையீட்டில் 'சேவையால் ஏற்பட்டது' என்று மாறியது. இப்போது முழங்கால் இன்னும் மோசமாகிவிட்டது, அதனால் மறுமதிப்பீட்டுப் போர்டு கேட்டு மனு போட்டிருக்கிறோம், அடுத்த மாதம் கூப்பிட்டிருக்கிறார்கள். அக்கா புதிதாக ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறாள். அந்த ஆபீஸ் எந்த மாடியில், லிஃப்ட் ஓடுகிறதா என்று நேற்றுதான் போன் செய்து கேட்டேன்.